பட்டங்களும் நங்கூரங்களும்

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஆள் அமிழ்ந்துபோவான். மற்றது மட்டும் இருந்தால் ஆள் பறந்துபோவான். இரண்டும் இருந்தால்தான் ஆள் நடப்பான். அவை என்ன? விடை தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் கிட்டே வாருங்கள். இதோ, கதையைத் தொடங்கிவிட்டேன்.

கிளிஞ்சல்பட்டினம் கடலோரத்து ஊர். ஒரே ஒரு பெரிய பள்ளிவாசல், அதற்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு, கீழத்தெருவும் முடிந்தால் கடல். மேலத்தெருக்காரர்கள் அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவர்கள்; சாப்பிடும்போது ஒரு பருக்கை கீழே விழுந்தால் அதற்கும் கேள்வி கணக்கு உண்டே என்று குனிந்து எடுப்பார்கள், எடுத்த பிறகும் எடுக்கத் தாமதமானதற்குக் கேள்வி வருமோ என்று கலங்குவார்கள். கீழத்தெருக்காரர்கள் அல்லாஹ்வின் அருளை நம்பி இருக்கிறவர்கள். அதிகாலைத் தொழுகைக்கு பாங்கு சொன்னால், "அவன் ரஹ்மான், மன்னிச்சுருவான்" என்று சொல்லிவிட்டு, அந்த மன்னிப்பைத் தலையணைபோல் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு புரண்டு படுப்பார்கள். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படித்தான் கீழத்தெரு நெய்னா முகம்மது, கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பவர், மேலத்தெரு ஜைத்தூன் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடும் நிறையச் சிரிப்போடும் வந்து சேர்ந்தார். அவர்களுடைய மகள் மைமூன். முன்பல் விழுந்து, புதுப்பல் பாதி முளைத்து நிற்கிற வயது.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. ஜும்ஆத் தொழுகையின் கடைசி சஜ்தா. தொழுகை நடத்துகிற ஆலிம்சா "அல்லாஹு அக்பர்" என்று சொல்லிக் குனிந்ததும் ஊரே குனிந்தது. மேலத்தெருக்காரர்கள் நெற்றியைத் தரையில் வைத்தார்கள்; வைத்த நெற்றி எழும்பவில்லை. கீழத்தெருக்காரர்களும் குனிந்தார்கள், அவர்கள் நெற்றி தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது, எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீரில் மிதக்கிற தேங்காய்போல மறுபடி மேலே வந்தது. தொழுகைக்குள் பேசக் கூடாது என்பதால் யாரும் பேசவில்லை. எப்படியோ தொழுது முடித்து, ஸலாம் கொடுத்த மறுகணமே பள்ளிவாசல் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"ஆலிம்சா, நெத்தி தரையில படலையே, தொழுகை கூடுமா?" என்று கீழத்தெருக்காரர்கள் காற்றில் ஆடிக்கொண்டே கேட்டார்கள்.

"நெத்தி எழும்பலையே, எங்க தொழுகை கூடுமா?" என்று மேலத்தெருக்காரர்கள் பாயில் ஒட்டிக்கொண்டே கேட்டார்கள்.

ஆலிம்சா தாடியைத் தடவி யோசித்தார். "முடிஞ்சதைச் செஞ்சிய. கூடும்," என்றார். உடனே ஊருக்கு முக்கால் கவலை தீர்ந்துவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மேலத்தெருக்காரர்களை அவரவர் பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கினார்கள், கீழத்தெருக்காரர்களை அவரவர் பிள்ளைகள் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், எல்லா வீட்டிலும் வெள்ளிக்கிழமைச் சோறு சூடு ஆறுவதற்குள் பரிமாறப்பட்டது.

அடுத்தடுத்த நாட்களில் ஊர் அதற்கேற்றபடி வளைந்துகொடுத்த அழகைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கனமானவர்களின் வீட்டு வாசலில் பலகை போட்டார்கள், லேசானவர்களின் வீட்டு உத்தரத்தில் தலை இடிக்காமல் இருக்கப் பஞ்சு கட்டினார்கள், தையல்காரர் சட்டைகளுக்குக் கிளிஞ்சல் நிரப்பிக்கொள்ளப் பெரிய பெரிய பைகள் வைத்துத் தைத்தார், லேசானவர்கள் ஏணி இல்லாமல் தேங்காய் பறித்தார்கள், கனமானவர்கள் படகில் உட்கார்ந்தால் படகு அலையில் அசையாமல் நின்றது. நோயாளி வீட்டுக்கு லேசானவர்களை அனுப்பினார்கள்; அவர்கள் கட்டில் பக்கத்தில் மிதந்துகொண்டு, "அவன் கருணைக்காரன், பயப்படாதிய" என்று சொல்லச் சொல்ல, அமிழ்ந்திருந்த கட்டில்கூடக் கொஞ்சம் மேலே வந்தது. கல்யாண வீட்டுக்குக் கனமானவர்களை அனுப்பினார்கள். பந்தல் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு பேர். பெண் பார்க்கப் போனவர்கள் நிறத்தையும் உயரத்தையும் விட்டுவிட்டு, "புள்ளை கனமா, லேசா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

பட்டப்பெயர் வைக்காமல் நம் ஊர்கள் எதையாவது விட்டதுண்டா? மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களைப் "பட்டம்" என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருக்காரர்களை "நங்கூரம்" என்றார்கள்.

"ஏ பட்டம்! வாலு எங்கே?"

"ஏ நங்கூரம்! கப்பல் எங்கே?"

ஆலிம்சாவின் பாடுதான் வேடிக்கை. அவர் மிம்பர் மேடையில் ஏறி நின்று நரகத்தைப் பற்றிச் சொன்னால் படி முறியும் அளவுக்குக் கனப்பார். சொர்க்கத்தைப் பற்றிச் சொன்னால் மிதந்து மேலே போவார். இரண்டையும் சொல்லுகிற வெள்ளிக்கிழமைகளில் கிணற்று வாளிபோல ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், முன்வரிசைக்காரர்களுக்குக் கழுத்து வலிக்கும்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. நீங்களே யோசித்துப் பாருங்கள்: சர்க்கரை டப்பாவுக்குள் கைவிடுகிற பிள்ளை, உம்மா பார்த்துவிடுவாரோ என்று பயந்துகொண்டும், பார்த்தாலும் ஒரு வாய் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டும்தானே கைவிடுகிறது? அதனால் பிள்ளைகள் எப்போதும்போல ஓடினார்கள், விழுந்தார்கள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்கள்.

மைமூனும் ஓடினாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அவள் கால்கள் மெதுவாகிவிடும். ஏனென்றால் அந்த ஒரே வீட்டில் ஒரு பட்டமும் ஒரு நங்கூரமும் இருந்தன. பட்டம் நாளுக்கு நாள் ஏறியது, நங்கூரம் நாளுக்கு நாள் இறங்கியது.

வாப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனாலும் தண்ணீருக்குள் அவர் தலை போகவில்லை, காலில் கல்லைக் கட்டிக் குதித்தபோது கல் மட்டும் அறுந்து உள்ளே போனது. அவர் சிரித்தார். சிரித்ததில் இன்னும் ஒரு சாண் உயர்ந்தார். உம்மாவோ சமையலறைச் சிமெண்டுத் தரையில் கணுக்கால் வரை அமிழ்ந்து நின்று மீன் அலசினார். இந்த மீனை அலசுகிற தண்ணீர் வீணாகிறதே, இதற்குக் கேள்வி உண்டே என்று நினைத்தார். கெண்டைக்கால் வரை அமிழ்ந்தார். கொத்தனார் வந்து தரையைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தத் தரை தாங்காது, லாத்தா" என்று சொன்னதால், உம்மாவைக் கொல்லைப்புற மணலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மைமூன் மணலைத் தோண்டித் தோண்டி உம்மாவின் கால்களை வெளியே எடுப்பாள். வாப்பாவின் கைலி நுனியைப் பிடித்து இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவருவாள். காலையில் எடுத்த கால் மாலையில் மறுபடி உள்ளே போயிருக்கும், மாலையில் இறக்கிய வாப்பா காலையில் மறுபடி முருங்கை மரத்து உச்சியில் இருப்பார். ஒருநாள் உம்மா முழுதாக உள்ளே போய்விடுவார், ஒருநாள் வாப்பா முழுதாக மேலே போய்விடுவார், நடுவில் நான் மட்டும் இந்தக் கொல்லையில் நிற்பேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மதரசாவில் ஆலிம்சா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்: "அல்லாஹ்வை அச்சத்தோடயும் ஆதரவோடயும் கூப்பிடணும். எங்க, சொல்லுங்க பாப்பம்."

பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். அச்சம் என்றால் என்ன என்று மைமூனுக்குத் தெரியும். அது உம்மாவிடம் குடம் குடமாக இருந்தது. ஆதரவு என்றால் என்ன? அல்லாஹ்விடம் வைக்கிற எதிர்பார்ப்புக்குத்தான் ஆலிம்சாக்கள் அந்தச் சொல்லைச் சொல்லுவார்கள், ஆனால் அவள் அதைக் கேட்பதற்குள் மதரசா விட்டுவிட்டது. வெளியே வந்தால், நகராட்சித் தேர்தலுக்காக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் முழங்கிக்கொண்டு வருகிறது: "உங்கள் பொன்னான ஆதரவைத் தாரீர்! தாரீர்! ஆதரவைத் தாரீர்!"

ஆதரவு! அதுவும் பொன்னால் ஆனது! மைமூன் பாய்ந்து போய் ஆட்டோவை மறித்தாள்.

"மாமா, எங்க உம்மாவுக்குக் கொஞ்சம் ஆதரவு குடுங்க. மணலுக்குள்ள போய்க்கிட்டே இருக்காஹ."

மாலை போட்டிருந்த வேட்பாளர் திகைத்துப்போனார். "அது நாங்க குடுக்கிறது இல்லேம்மா. நாங்க கேக்கிறது."

"வாங்கி என்னா பண்ணுவிய?"

"ஜெயிப்போம்."

"ஜெயிச்ச பெறகு திருப்பிக் குடுப்பியளா?"

தெருவே சிரித்தது. மேலே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த கீழத்தெருக்காரர் ஒருவர், "தலைவரே, ஜெயிச்ச பெறகு நம்மளவிட நீங்கதான் ஒசரத்துல இருப்பிய!" என்றார். ஒலிபெருக்கி அதையும் ஊர் முழுக்கச் சொன்னது.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான்: ஜமாஅத் தலைவர் அசனா மரைக்காயர். அவர் கனமானவர், பலகைமேல் நின்று விரலை ஆட்டினார். "சிரிக்காதிய! புள்ளை சரியாத்தான் கேக்குது. அமுங்கிறவுகளுக்கு மெதக்கிறவுக ஆதரவு, மெதக்கிறவுகளுக்கு அமுங்கிறவுக ஆதரவு. ஆளுக்கு ஆள் கயித்தால கட்டிப்புடுவோம்! இத்தனை நாளு நமக்கு இது தோணலையே!"

அட, ஊர் என்னமாய்த் துள்ளியது! கயிற்றுக் கடையில் கயிறு தீர்ந்தது, பிறகு கொடிக்கயிறு தீர்ந்தது, பிறகு ஊஞ்சல் கயிறுகளை அவிழ்த்தார்கள். ஒரு கனத்துக்கு ஒரு லேசு என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். பேசாமல் இருந்த மாமனாரையும் மருமகனையும் கட்டினார்கள், எதிரெதிர்க் கடைக்காரர்களைக் கட்டினார்கள். எல்லோரும் ஜோடி ஜோடியாகத் தரையில் கால் பாவித் தெருவில் உலாப் போனார்கள். பெருநாள்கூட அப்படி இருந்ததில்லை. மைமூனின் உம்மா இடுப்பையும் வாப்பா இடுப்பையும் சேர்த்து நல்ல தேங்காய்நார்க் கயிறு ஒன்று கட்டப்பட்டது. உம்மா மணலிலிருந்து எழுந்தார். வாப்பா முருங்கை மரத்திலிருந்து இறங்கினார். மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "எல்லாம் நம்ம மைமூன் சொன்ன யோசனை!" என்று ஊர் அவளைக் கொண்டாடியது. எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவள் கையில் மிட்டாயைத் திணித்தார்கள். அவளும் அதைத் தெருத்தெருவாக ஓடி ஓடி வாங்கிக்கொண்டாள்.

ஆனால் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கத் தொடங்கியது.

"மைமூன் வாப்பா, அஸர் தொழுதியளா?" என்று உம்மா கேட்டார்.

"நீ எனக்கும் சேத்துப் பயந்துக்க, ஜைத்தூன். நான் உனக்கும் சேத்து ஆதரவு வச்சுக்கிறேன்," என்றார் வாப்பா.

உம்மா அவருக்கும் சேர்த்துப் பயந்தார். அதனால் இரண்டு மடங்கு கனத்தார். வாப்பா உம்மாவுக்கும் சேர்த்து நம்பினார். அதனால் இரண்டு மடங்கு லேசானார். எல்லா ஜோடிகளும் அப்படித்தான் தங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கயிற்றின் மேல்முனையில் இருப்பவர் இன்னும் மேலே போனார், கீழ்முனையில் இருப்பவர் இன்னும் கீழே போனார், ஊர் முழுக்கத் தெருவில் நட்டுக்குத்தலாகக் கயிறுகள் நின்றன. நடந்து போகிறவர்கள் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி நடந்தார்கள்.

அப்போது கச்சான் காற்று கிளம்பியது. மேற்கேயிருந்து கிழக்கே, ஊரிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. அது ஒரு மத்தியானம் கொல்லைப்புறத்துக்குள் புகுந்து, வாழை இலைகளைக் கிழித்து, வாப்பாவைப் பிடித்தது. அவர் தென்னைக்கு மேலே போய்ப் படபடத்தார். கயிறு விர்ரென்று இரைந்தது. மணலில் உம்மா முழங்கால் போய், இடுப்புப் போய், மார்பு வரை இறங்கிவிட்டார். இழுபடுகிற கயிறு அவரைத் தூக்கவில்லை, இடுப்பை இறுக்கியது. மைமூன் நடுக்கயிற்றைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். அவள் கண்ணெதிரே ஒரு புரி பட்டென்று அறுந்தது.

ஊர் தன் கயிறுகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தது. "இன்னொரு கயிறு கொண்டாங்கடா!" என்று அசனா மரைக்காயர் கத்தினார். கயிறு இல்லை. ஊரில் இருந்த கயிறெல்லாம் ஆட்களில்தான் இருந்தது.

மைமூன் மேலே பார்த்துக் கத்தினாள்: "வாப்பா! நீங்க பறந்து போயிருவிய!"

"போனா என்னா புள்ளே, அல்லாஹ் பாத்துக்குவான்!" என்று மேலேயிருந்து சிரிப்புக் கேட்டது.

"நாளைக்கு மஹ்ஷர்ல, எல்லாருக்கும் கணக்குக் கேக்குற அன்னைக்கு அவன் கேப்பானே! 'நெய்னா, ஒங்கிட்ட ஒரு மைமூனைக் குடுத்தேனே, எங்க விட்டே'ன்னு கேப்பானே! என்னா சொல்லுவிய?"

"அவன் மன்..." என்று வாப்பா தொடங்கினார். அந்தச் சொல்லை முடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் அந்தச் சொல்லைப் பாதியில் நிறுத்தியதே இல்லை. அவர் கீழே பார்த்தார். கயிற்றில் வௌவால்போலத் தொங்குகிற மகளைப் பார்த்தார், மணலில் தலையும் தோளுமாய்த் தெரிகிற மனைவியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, ஆனால் அதற்குள் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. "கேப்பான்தான்," என்றார் மெல்ல. அவர் பாதங்கள் கனத்தன. காற்று அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்க, அவர் தென்னை உயரத்திலிருந்து முருங்கை உயரத்துக்கு இறங்கினார்.

மைமூன் கயிற்றில் வழுக்கிக்கொண்டு வந்து உம்மாவின் பக்கத்தில் மணலில் விழுந்தாள். ஜைத்தூன் கண்ணை மூடி, "யா அல்லாஹ், நான் ஒன்னுக்கும் ஆகாதவ, எந்த முகத்தோட உன்கிட்ட வருவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மணல் கொஞ்சம் வாய் திறந்தது.

"உம்மா! நான் மயில் போட்ட பீங்கானை உடைச்சேன்ல?"

"இப்ப எதுக்குடி அது?"

"ஒடைச்சுட்டு எங்க ஒளிஞ்சேன்?"

உம்மா கண்ணைத் திறந்தார். "எங்க ஒளிஞ்சே... என் முந்தானைக்குள்ளதான் வந்து ஒளிஞ்சே, கழுதை."

"அடிக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"அடிப்பியன்னு பயம்தான் எனக்கு. ஆனாலும் வேற யார்கிட்ட ஓடுறது? அடிச்சாலும் நீங்கதானே வச்சுக்குவிய?" மைமூன் மூச்சுவாங்கினாள். "நீங்க அவனுக்குப் பயந்து மண்ணுக்குள்ள ஓடுறிய. அவன்கிட்டயில்ல ஓடணும்!"

ஜைத்தூன் மகளைப் பார்த்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளையை அவர் அடிக்கவே இல்லை. முந்தானைக்குள் நடுங்குகிற அந்தச் சின்ன உடம்பை அணைத்தபோது பீங்கான் நினைவே வரவில்லை. என்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கே இவ்வளவு இரக்கம் இருந்தால், என்று நினைத்தார். அந்த நினைப்பை அவர் முடிக்கவில்லை, பயமும் அவரை விட்டுப் போகவில்லை, ஆனால் மணல் இளகியது. முதலில் இடுப்பு வந்தது, பிறகு முழங்கால் வந்தது, பிறகு யாரும் தூக்காமல், தானே கையை ஊன்றி, உம்மா மணலுக்கு மேலே எழுந்து நின்றார். வாப்பாவின் பெருவிரல்கள் மணலைத் தொட்டன, பிறகு குதிகால்கள் தொட்டன. விறைத்து நின்ற கயிறு தொய்ந்து, இருவருக்கும் நடுவில் மணலில் கிடந்தது.

ஊர் வாய் பிளந்து நின்றது. ஆலிம்சா "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொன்ன சத்தத்தில் தென்னையிலிருந்து காகங்கள் எழும்பின. ஆனால் காற்று நிற்கவில்லை. அது கைலிகளையும் துப்பட்டாக்களையும் பிய்த்துக்கொண்டுதான் இருந்தது.

"கட்டு இருக்கட்டும் புள்ளே," என்று வாப்பா அவசரமாகச் சொன்னார். "காத்தைப் பாத்தியா?"

"அவுத்துத்தான் பாப்பமே," என்றார் உம்மா.

ஊர் சிரித்துவிட்டது. நங்கூரம் பட்டம்போலப் பேசுகிறது, பட்டம் நங்கூரம்போலப் பேசுகிறது! ஆனால் அசனா மரைக்காயர் கையை உயர்த்தினார். "வெளையாடாதிய. ஒரு புரி ஏற்கனவே அறுந்துருச்சு. அவுத்த பெறகு இவரு பறந்தாருன்னா புடிக்க ஆள் இல்லை. அவுக்கக் கூடாது!"

"அவுக்கணும். கயிறு கட்டின பெறகுதான் இவுக ரெண்டு பேரும் மோசமாப் போனாஹ," என்றார் ஆலிம்சா.

"காத்து நிக்கட்டும், பெறகு பாப்போம்."

"காத்து எப்ப நின்னுச்சு நம்ம ஊருல?"

பேச்சு முற்றியது. ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். கடைசியில் வாப்பாவும் உம்மாவும் ஒரே நேரத்தில் குனிந்து, "நீ சொல்லு மைமூன்" என்றார்கள்.  

மைமூன் இரண்டு பேரையும் பார்த்தாள். 

அவள் வாப்பாவின் இடுப்பு முடிச்சை முதலில் அவிழ்த்தாள். பிறகு உம்மாவின் முடிச்சை அவிழ்த்தாள். காற்று பிய்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் மணலில் கால் பதித்து நடந்தார்கள்.